வலி எப்ப இல்ல?

கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ற பழக்கம் எனக்கு பொறந்ததுலேர்ந்தே கெடையாது. "மணி இன்னா நைனா?"ன்னு யாராச்சும் கேட்டா, மொதல்ல அந்த வாட்ச்சு யாரு குடுத்ததுன்னு சொல்லுவேன். அப்பறம் குடுத்தவரு பொண்ணு கல்யாணத்துல பாயசம் அடிபுடிச்சி போன கதைய சொல்லுவேன். நான் மணிக்கு வந்து சேர்றதுக்குள்ள கேட்டவனுக்கு பஸ்ஸு போயிடும். என் சம்சாரம் கன்னியம்மா, "உன் வாய்க்கு ஒரு வால்வு வெச்சா தேவல"ன்னு சொல்லும். அந்த வாயாலதான் எனக்கு வயித்துவலி தீந்துச்சின்னு சொன்னா அதுக்கு கோவம் வரும். ஆனா நெசம் அதான்.

மயிலாப்பூருல ஒரு அப்பார்ட்மெண்டுல நான் பம்ப்பு ஆபரேட்டரு. மோட்டாரு போடணும், மேல டேங்க்கு ரொம்புனா நிறுத்தணும். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்குனதில்ல. ஆனா அந்த பில்டிங்குல என்னிய விட பெரிய ஆளு யாரும் இல்லன்னு எனக்கு ஒரு நெனப்பு. ஏன்னா, அங்க பாதி வீடு பூட்டித்தான் கீது. புள்ளைங்கல்லாம் வெளிநாட்டுல. பெருசுங்க பேரப்புள்ளைய பாக்க கெளம்பும்போது, "முனுசாமி, சாவி உன்கிட்டயே இருக்கட்டும்"னு குடுத்துட்டு போயிடுவாங்க. அது ஒரு மரியாத இல்லியா? வீட்ல வெச்சா தொலைஞ்சிடும்னு எல்லாத்தையும் ஒரு வளையத்துல கோத்து அர்ணாக்கயித்துல கட்டிகினேன். இரும்பு கேட்டு சாவி, பழைய பித்தள பூட்டு சாவி, எல்லாம். தொட்டு பாத்தே எந்த வீடுன்னு சொல்லுவேன். மூணாவது மாடி வாத்தியாரு வீட்டு சாவி கொஞ்சம் கோணலா இருக்கும். அது ஏன் கோணுச்சின்னா... (வயித்துவலிக்கு வாய்யான்னு நீங்க சொல்றது காதுல உழுது. வரேன்.)

வலது பக்கம், தொப்புளுக்கு கீழ. நண்டு கவ்வுன மாதிரி ஒரு வலி. மோட்டாரு ரூமுல குனிஞ்சா கவ்வும். மொபெட்டுல குந்துனா கவ்வும். வெந்தயத்த மோருல போட்டு குடுத்துச்சி கன்னியம்மா. விளக்கெண்ண தடவுச்சி. மொளகா சுத்தி போட்டுச்சி. நண்டு உடல.

சரின்னு தி.நகர்ல ஒரு டாக்டருகிட்ட போனோம். பெரிய கூட்டம். பாவம், அந்த மனுசனுக்கு மூச்சு உட நேரமில்ல. "எங்க வலி?"ன்னாரு. "அது இன்னா ஆச்சின்னா சார், போன ஆடி மாசம்..."னு ஆரம்பிச்சேன். "வயித்த பத்தி மட்டும் சொல்லுங்க பெரியவரே. மேல ஏறி படுங்க"ன்னாரு. படுக்கறதுக்கு முன்னாடி சாவிக்கொத்த அவுத்து கன்னியம்மாகிட்ட குடுத்தேன். டாக்டரு முன்னாடி கலகலன்னு சத்தம் போட்டா நல்லாவா இருக்கும்? அது வாங்கி பொடவ இடுப்புல சொருவிகிச்சி. டாக்டரு அமுக்கி அமுக்கி பாத்தாரு.

"இங்க வலிக்குதா?"

"இல்லீங்க."

"இங்க?"

"அங்கயும் இல்லீங்க."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

எனக்கே வெக்கமா போச்சி. வாடக கேக்க வூட்டுக்காரன் வந்தா கதவு சாத்திக்கிற குடித்தனக்காரன் மாதிரி, டாக்டர பாத்ததும் வலி எங்கியோ ஒளிஞ்சிகிச்சி. கேஸுக்கு மாத்தர எழுதி குடுத்தாரு. வாசல்ல வந்து சாவிய வாங்கி கட்டிகினு மொபெட்டுல குந்துனேன். கவ்விச்சி.

"இது டாக்டருக்கு அடங்கற வலி இல்ல. தொக்கம்தான்"ன்னு சொல்லிடுச்சி கன்னியம்மா. சோறு எங்கியாச்சும் குடலுல ஒட்டிகினு கீறத ஊதி எடுப்பாங்களே, அது. மேற்கு மாம்பலத்துல ஒரு சந்துல ஒரு அம்மா எடுக்குதுன்னு இட்டுகினு போச்சி. பாய போட்டு படுக்க வெச்சாங்க. சாவிய வழக்கம் போல கன்னியம்மாகிட்ட குடுத்தேன். அந்தம்மா வயித்த தடவி, ஒரு குழாய வெச்சி உறிஞ்சி, கிண்ணத்துல துப்புச்சி. எட்டி பாத்தா ஒரு துண்டு கறி.

"பாத்தியா, இதான் கவ்விகினு இருந்துச்சி"ன்னாங்க. எழுந்து நின்னேன். வலி இல்ல. கையெடுத்து கும்பிட்டேன். ஆனா கன்னியம்மா கும்பிடல. இடுப்புல கைய வெச்சிகினு நிக்குது.

"யோவ், இது புரட்டாசி மாசம். எங்கய்யா கறி துன்ன?"

"நான் எங்கடி துன்னேன்?"

"உன் கூட்டாளி காதர் பாய் வூட்ல பிரியாணி துன்னியா?"

"சத்தியமா இல்ல!"

"அப்ப உன் வயித்துல ஆடு தானா வந்து மேஞ்சிச்சா?"

சந்துல கீற ஜனமெல்லாம் வேடிக்க பாக்குது. சண்டைக்கு நடுவுல சாவிய புடுங்கி கட்டிகினு வண்டிய எடுத்தேன். சப்வே எறக்கத்துலயே நண்டு மறுபடியும் கவ்விச்சி. சொன்னா, "துன்ன பாவம் சும்மா உடுமா?"ன்னுது.

அப்பறம் எங்க பையன் சொன்னான்னு அடையாறுக்கு ஸ்கேன் எடுக்க போனோம். "நெறைய தண்ணி குடிங்க, பாத்ரூம் போவ கூடாது, கூப்பிடற வரைக்கும் அடக்கிகினு இருக்கணும்"னாங்க. நான் சிரிச்சேன். தண்ணிய அடக்கி வெக்கறதுதானே என் தொழிலே! பாட்டிலு பாட்டிலா உள்ள எறக்குனேன். கூப்பிடல. பக்கத்துல குந்திகினு இருந்தவருக்கு எங்க பில்டிங்கு கெணறு வத்துன கதைய சொன்னேன். தண்ணி பேச்சு எடுத்தது தப்பா போச்சி. கால பின்னிகினேன். வலி இருந்துச்சான்னு கேட்டா, முட்டுன முட்டுல நண்டு எங்க, நாய் எங்க, எதுவும் தெரியல. கன்னியம்மா வேற, என் சாவிய இடுப்புல சொருவிகினு, "எனக்கும் இடுப்பு புடிச்சிகிச்சிய்யா, இந்த சேரு செரியில்ல"ன்னு பொலம்பிகினு கீது.

"முனுசாமி!"ன்னு கூப்பிட்டாங்க. எழுந்தேன். அவ்ளோதான். டேங்க்கு ரொம்பி வழியுதுன்னா இந்த கைதான் ஓடிப்போய் சுச்ச அமுக்கும். இதுக்கு சுச்சு எங்க கீதுன்னு தேடறதுக்குள்ள பளபளன்னு இருந்த டைல்ஸு தரையெல்லாம் தண்ணி. கதை கேட்டுகினு இருந்தவரு கால தூக்கி சேருமேல வெச்சிகினாரு.

தொடச்சிட்டு, மறுபடியும் குடிக்க வெச்சி, ஸ்கேன் எடுத்துட்டாங்க. டாக்டரு என்கிட்ட, "ஒண்ணுமே இல்ல, தைரியமா இருங்க"ன்னாரு. அப்பறம் கன்னியம்மாவ மட்டும் உள்ள கூப்பிட்டு கதவ சாத்திகினாரு.

உங்களுக்கே தெரியும், நம்ம ஊருல வியாதிக்காரன்கிட்ட "ஒண்ணுமே இல்ல"ன்னு சொல்லிட்டு, வூட்டு மனுசங்கள தனியா கூப்பிட்டா அதுக்கு இன்னா அர்த்தம். கதவு தொறந்துச்சி. கன்னியம்மா முந்தானைய வாயில அடைச்சிகினு வருது. தோளு ரெண்டும் குலுங்குது. கண்ணுல தண்ணி. "இன்னா சொன்னாரு?"ன்னேன். தலைய ஆட்டுச்சே தவிர வாய தொறக்கல. என் மூத்த அண்ணன் வயித்துலதான் கட்டி வந்து செத்தான். அவன்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க, "ஒண்ணுமே இல்ல"ன்னு. ஆட்டோவுல வர்ற வழியெல்லாம் நான் ஒரு வார்த்த பேசல. (நான்! பேசல!)

மறுநாளு காலைல மொபெட்ட நல்லா தொடச்சி, தள்ளிகினே காதர் பாய் கடைக்கு போனேன். பாய் மிக்ஸி ரிப்பேர் பண்றவரு. வாலிப வயசுலேர்ந்து கூட்டாளி.

"பாய், இனிமே இந்த வண்டி உன்னுது."

"அரே நைனா, இன்னா ஆச்சி? நீ எதுல போவ?"

"நான் கெளம்பறேன் பாய்."

"எங்க, திருப்பதிக்கா?"

"அதுக்கும் மேல."

பாய்க்கு புரிஞ்சிது. கட்டி புடிச்சிகினு அழுதாரு. நானும் அழுதேன். மிக்ஸி ஜாரு வாங்க வந்த பொம்பள ஒண்ணும் புரியாம அதுவும் அழுதுச்சி. அப்பறம் பாய் கண்ண தொடச்சிகினு வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டி பாத்துட்டு வந்து, "பிரேக்கு கொஞ்சம் லூசா கீதே நைனா"ன்னாரு. மனுசன் சாவ போறான், இவருக்கு பிரேக்கு!

ஆனா அவருதான் சொன்னாரு. "மந்தவெளி பக்கம் ஒரு டாக்டரம்மா கீறாங்க. எங்க அம்மாவ அப்படி பாத்தாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு தபா காட்டிட்டு போ." என் வண்டிலயே என்னிய பின்னாடி குந்த வெச்சி இட்டுகினு போனாரு. கன்னியம்மா ஆட்டோவுல வந்துச்சி.

அந்த டாக்டரம்மாவ நெனச்சா இப்பவும் எனக்கு கை தானா கூம்பும். சின்ன ரூமு. காத்தாடி கடகடன்னு சத்தம் போடுது. "சொல்லுங்க தாத்தா"ன்னாங்க. "போன ஆடி மாசம்..."னு ஆரம்பிச்சிட்டு நானே நிறுத்திகினேன். "வயித்த பத்தி மட்டும் சொல்லவா?"ன்னேன்.

"ஆடி மாசத்துலேர்ந்தே சொல்லுங்க"ன்னு பேனாவ மூடி வெச்சிட்டாங்க.

என்னிய பாத்து பேனாவ மூடி வெச்ச படிச்சவங்கள நான் அன்னிக்குத்தான் பாத்தேன். நான் சொன்னேன். வெந்தயம், கேஸ் மாத்தர, தொக்கம், கறி, ஸ்கேன், டைல்ஸு, எல்லாம். டீ ஆறி ஆடை கட்டிகிச்சி, அவங்க தொடல. வெளிய கூட்டம் கதவ தட்டுது. "கொஞ்சம் இருங்க, தாத்தா பேசிட்டு இருக்காரு"ன்னு இங்கேர்ந்தே கொரலு குடுத்தாங்க. நடுவுல கன்னியம்மா, "யோவ், சுருக்கமா சொல்லுய்யா"ன்னுச்சி. "அவர உடுங்கம்மா"ன்னாங்க.

நான் மூச்சு வாங்க நிறுத்துனதும் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"வலி எப்ப இல்ல?"

எல்லாரும் எப்ப வலிக்குதுன்னுதான் கேட்டாங்க. இத யாரும் கேக்கல. யோசிச்சேன். "டாக்டருங்க ரூமுல இல்லம்மா. இப்ப கூட இல்ல. குளிக்கும்போது இல்ல. படுத்தா இல்ல."

"குளிக்க போறப்ப என்னென்ன அவுத்து வெப்பீங்க?"

"லுங்கி, பனியனு, சாவிக்கொத்து. அந்த சாவி கதைய கேளுங்க, மூணாவது மாடி வாத்தியாரு வீட்டு சாவி கோணலா இருக்கும், ஏன்னா..."

"டாக்டர்கிட்ட போறப்ப அந்த சாவி எங்க இருக்கும்?"

"சம்சாரத்துகிட்ட குடுத்துடுவேன்."

"குடுங்கம்மா அத"ன்னு வாங்கி, "எப்பவும் போல கட்டுங்க தாத்தா. கட்டிட்டு அப்படியே குனிஞ்சி செருப்ப தொடுங்க"ன்னாங்க.

கட்டுனேன். குனிஞ்சேன். "ஐயோ!"ன்னு நான் போட்ட சத்தத்துல வெளிய குந்திகினு இருந்த கூட்டம் எழுந்து நின்னுகிச்சாம். டாக்டரம்மா லுங்கிய கொஞ்சம் எறக்கி பாத்தாங்க. கேட்டு சாவியோட பல்லு அப்படியே அச்சா தோலுல பதிஞ்சி கீது.

"தோலுக்கு கீழ ஒரு நரம்பு போகுது தாத்தா. அது மேல சாவி உக்காந்து நசுக்கிகிட்டே இருக்கு. அவ்ளோதான்."

"கட்டி இல்லியா?"

"இல்ல."

"நான் சாவ மாட்டனா?"

"இதால மாட்டீங்க. வீட்ல ஒரு ஆணி அடிச்சி அதுல மாட்டுங்க."

எனக்கு கண்ணு கலங்கிடுச்சி. கன்னியம்மா இடுப்ப தடவிகினு, "அதான் எனக்கும் புடிச்சிகிச்சா! எம்மா, இந்த ஆளு வியாதிய நான் செமந்துகினு திரிஞ்சிருக்கேன்"னுது.

அப்பத்தான் எனக்கு உறைச்சிச்சி. "அப்ப ஸ்கேனு எடுத்த அன்னிக்கு ஏண்டி அழுத?"

"யாரு அழுதா? 'தரைய தொடச்சி முடிக்கறதுக்குள்ள உம் புருசன் இன்னொருத்தருக்கு கெணத்து கதை சொல்ல போயிட்டாரு, இட்டுகினு கெளம்பும்மா'ன்னு அந்த டாக்டரு கும்பிட்டாரு. சிரிப்ப அடக்க முடியல. உனக்கு வெக்கமா இருக்குமேன்னு வாய பொத்திகினு வந்தேன்."

டாக்டரம்மா அப்ப சிரிச்ச சிரிப்பு காத்தாடி சத்தத்த மீறிடுச்சி.

வெளிய வந்தா, காதர் பாய் வண்டிய துணியால தொடச்சிகினு நிக்கறாரு. பிரேக்கு கூட டைட்டு பண்ணிட்டாரு. விஷயத்த சொன்னேன். ஓடி வந்து தூக்கி சுத்துனாரு. அப்பறம் மொகம் லேசா வாடிச்சி. சாவிய நீட்டி, "இந்தா நைனா, உன் வண்டி"ன்னாரு. சாவிய பாத்ததும் வயிறு தானா ஒரு தபா இழுத்துச்சி. "வேணாம் பாய், உயிரோட கீறேன்னு குடுத்தத திருப்பி வாங்குனா நல்லா இருக்காது"ன்னுட்டேன். "பெரிய கர்ணன்"னு கன்னியம்மா பல்ல கடிச்சிச்சி.

சாவிக்கொத்து இப்ப சாமி படத்துக்கு கீழ ஆணில தொங்குது. வெள்ளிக்கெழம கன்னியம்மா அதுக்கும் ஒரு குங்குமம் வெக்குது. நான் எங்க போறதா இருந்தாலும் பாய் வந்து, என் வண்டில என்னிய பின்னாடி குந்த வெச்சி இட்டுகினு போறாரு. வீட்ல யாராச்சும் வயித்த புடிச்சா போதும், "எத யாருக்கு குடுக்க போற, இப்பவே சொல்லிடு"ன்னு ஒரே கூத்து.

போன வாரம் கன்னியம்மா தலைவலின்னு சுருண்டு படுத்துச்சி. நான் பக்கத்துல குந்திகினு, அந்த டாக்டரம்மா மாதிரியே மெதுவா கேட்டேன்.

"வலி எப்ப இல்ல கன்னியம்மா?"

அது கண்ண தொறக்காமலே சொல்லிச்சி.

"நீ மோட்டாரு போட போறப்ப."