சாமி குடித்தால் யாருடைய கல்லீரல்?

இதிலே ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கிற கடைவாய்ப் பற்கள் இந்த நிமிஷமே உதிரட்டும். சத்தமாகத்தான் சொல்கிறேன். பக்கத்து மேசைக்காரரும் கேட்கட்டும்.

ஜொகூரில் ஒரு பெரிய மருத்துவமனை. பேர் வேண்டாம். அங்கே ஓர் உயரிய ஆராய்ச்சி தொடங்கினார்கள். இதய நோய்க்குக் கொடுக்கிற ஒரு மாத்திரை கல்லீரல் புற்றுநோயையும் தள்ளிப்போடுமா என்று பார்க்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் முதலில் மாத்திரை வரும் என்று நினைப்பீர்கள். இல்லை. முதலில் பதாகை வந்தது. பிறகு கழுத்தில் தொங்கவிடும் அட்டை. பிறகு எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு ஒரு படம். மாத்திரை கடைசியில்தான் வந்தது.

அதில் சேர இதயமும் கெட்டிருக்க வேண்டும். கல்லீரல் கெடுவதற்குத் தகுந்த காரணமும் இருக்க வேண்டும். சேர்ந்தவருக்கு இதய அடைப்பு வைத்தியம் அடுத்த மாதமே. சேராதவர் பொதுவரிசையில் நிற்கலாம். அந்த வரிசை அடுத்த தைப்பூசத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பெக்கோக்கிலிருந்து ஐயாசாமி வந்தார். தோட்டத்து முனீஸ்வரர் கோயில் பூசாரி. கோயில் படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். மனுஷன் தைப்பூசம் வரைக்கும் தாங்குவாரா என்று அவர் மனைவி செல்வராணிக்குத் தூக்கமே இல்லை.

ஆராய்ச்சி அதிகாரி கமலநாதன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"குடிப்பீங்களா ஐயா?"

"சத்தியமா தொட்டதே இல்ல."

"அப்ப சேர முடியாது லா. ஒழுங்கான கல்லீரல வச்சிக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

செல்வராணிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, வெள்ளிக்கு வெள்ளி ஒரு பாட்டில் ஸ்டவுட்டு உள்ள போவுது. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"ஏய், அது நானா? சாமியில்ல குடிக்குது!"

"சாமி குடிச்சிட்டுப் போயிருது. மறுநாளு தலைவலின்னு படுக்கறது யாரு?"

விஷயம் இதுதான். ஐயாசாமி மேல் முனீஸ்வரர் இறங்கினால் முதலில் சுருட்டு, அப்புறம் பாட்டில். சாமி மலையேறிய பிறகு ஐயாசாமிக்கு ஒன்றும் நினைவிருக்காது. ஊரறிந்த வழக்கம். ஆனால் கணினியில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. கமலநாதன் திகைத்தார். "அலமாக்!" என்று மட்டும் சொன்னார்.

விவகாரம் தலைமை மருத்துவர் அல்ஃபியாவிடம் போனது. அங்கிருந்து நெறிமுறைக் குழுவுக்குப் போனது. குழு கூடியது, கறிபாப் சாப்பிட்டது, கலைந்தது. மறுபடியும் கூடியது, மறுபடியும் சாப்பிட்டது. இறுதியில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்று வெளியானது: "அருந்துபவர் முனீஸ்வரர். கல்லீரலின் உரிமையாளர் ஐயாசாமி. ஆகவே இருதரப்பு ஒப்புதலும் அவசியமாகிறது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆராய்ச்சிக் குழு பெக்கோக்கில் வந்து இறங்கியது. பதாகையைக் கோயில் மரத்தில் கட்டினார்கள். படம் எடுத்தார்கள். உடுக்கை ஒலித்தது. ஐயாசாமி ஒரு குலுங்கு குலுங்கினார். சாமி வந்துவிட்டது.

கமலநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னே போனார். "ஐசி நம்பர், அடையாள அட்டை நம்பர் சொல்லுங்க சாமி."

"நான் இங்க வந்தப்போ ஐசியே கெடையாதுடா."

"ஐசி இல்லன்னா பதிய முடியாதே, சாமி."

"தெரியும். எங்கிட்ட வந்து அழுவறவன்ல பாதிப்பேரு அந்தக் கேசுதான்."

கமலநாதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை வாசித்தார். "இவ்வாய்விலிருந்து தாங்கள் எந்நேரமும், காரணம் கூறாமல் விலகிக்கொள்ளலாம்."

"நான் எங்கயும் அப்படித்தாண்டா விலகறேன்." சாமி சுருட்டை ஓர் இழு இழுத்தது. "இப்ப நான் கேக்கறேன், சொல்லு. இவன் குடிச்சா நெஞ்சுக்கு வைத்தியம் எப்போ?"

"அடுத்த மாசம், சாமி."

"குடிக்கலன்னா?"

"தைப்பூசத்துக்கு அப்புறம்."

"அதுக்குள்ள செத்துட்டா?"

"அது வேற ஆராய்ச்சி, சாமி."

சாமிக்கு வந்ததே கோபம்! பாட்டிலைத் தள்ளிவிட்டது. "இனிமே எனக்கு இது வேணாம். இளநீ போதும்!"

கல்யாணமான நாளிலிருந்து செல்வராணி வேண்டிக்கொண்டிருந்த சொல் அது. அவள் விழுந்தடித்து ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்தாள்.

"என்ன சாமி வெளையாடறீங்க? வேணாம் வேணாம்னு கெஞ்சினப்பல்லாம் குடிச்சீங்க. இன்னிக்குப் பாத்து வேணாங்கறீங்களே! குடிங்க சாமி, அந்த மனுஷன் பொழைக்கணும்!"

அவள் பாட்டிலை வாயில் திணிக்கிறாள். சாமி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறது. சாமிக்கும் ஆளுக்கும் இப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை.

"அக்கா, நிறுத்துங்க!" ஓரமாக நின்றிருந்த டாக்டர் அல்ஃபியா ஓடிவந்தார். "குடிய விட்டவங்கன்னு எங்ககிட்ட ஒரு பிரிவு இருக்கு. ஜொகூர் முழுக்கத் தேடியும் ஒரு ஆளு சிக்கல. இவர அதுல சேத்துக்கறேன்."

அடுத்த மாதமே ஐயாசாமிக்கு அடைப்பை எடுத்தார்கள். இப்போது கோயில் படியைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறார். ஆய்வறிக்கையும் வெளிவந்தது: "குடியை விட்டோரில் நூறு விழுக்காட்டினர் பூரண நலம்." அந்த நூறு விழுக்காடும் ஐயாசாமிதான் என்பதை யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள். கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

செய்தி செனாய்க்கும் மெர்சிங்குக்கும் பரவியது. நெஞ்சுவலிக்காரர்கள் அத்தனை பேரும் குடியை விட்டவர்கள் பிரிவில் சேரக் கிளம்பிவிட்டார்கள். ஆனால் விடவேண்டுமென்றால் முதலில் பிடித்திருக்க வேண்டுமே? அதுவரை மோர் தவிர எதையும் அறியாத உத்தமர்கள் எல்லாம் விடுவதற்காகவே குடிக்கத் தொடங்கினார்கள். மதுவிலக்குச் சங்கத் தலைவரே மருத்துவக் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிளாஸ் அடித்தார். மறுநாள் கண்ணைத் திறந்துகொண்டே அடித்தார். இப்போது கமலநாதனுக்குப் பதவி உயர்வு. ஜொகூரில் குடிப்பழக்கம் திடீரென்று ஏன் கூடியது என்று புதிய ஆராய்ச்சி நடத்துகிறார். பதாகை வந்துவிட்டது.

எனக்கும் கொஞ்ச நாளாக நெஞ்சு படபடக்கிறது. அதனால்தான் கையில் இந்தக் கிளாஸ். நான் இன்னும் தொடங்குகிற கட்டத்தில்தான் இருக்கிறேன். விடுகிற அளவுக்குத் தேர்ச்சி வரவில்லை. யார் சொன்னது என்று எவராவது கேட்டால் முனீஸ்வரர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். என் பேர் மட்டும் வரக்கூடாது. முக்கியமாக, என் வீட்டுக்காரி கேட்டால் நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை.