காவலில் நின்றவன் கல்யாணத்துக்கு வராத விவரம்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீங்களும், அக்காவும், புதிதாகக் கல்யாணமான உங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். வழக்கத்துக்காக இதை எழுதவில்லை, மனதார எழுதுகிறேன். உங்கள் தங்கை எத்தனையோ தடவை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்ததும் அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏற்கெனவே துடைத்த அடுப்பு மேடையையே மறுபடி துடைக்கிறாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பேனாவை எடுத்தேன். நாங்கள் கல்யாணத்துக்கு வராமல் போனதற்கு முழுக் காரணம் நான். அவள் மீது எள்ளளவும் தப்பில்லை. தூக்கி வளர்த்த அத்தை கல்யாணத்தன்று கண்ணில் படவில்லை என்றால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் ஆள் மாறிப் போகக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை.

நான் ராணுவத்தில் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். சமையல்காரனாக இருந்தேன் என்பதும் தெரியும். சம்பந்தம் பேச வந்த அன்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தவர் நீங்கள். ஆனால் துப்பாக்கி பிடித்தவனுக்கு ஒரு உறுதிமொழி, கரண்டி பிடித்தவனுக்கு ஒரு உறுதிமொழி என்று அங்கே கிடையாது. எல்லாரும் ஒரே வரிசையில் நின்று கையை உயர்த்தி, தரையோ கடலோ ஆகாயமோ எங்கே அனுப்பினாலும் போவேன், உயிரே போனாலும் நிறுத்திய இடத்தில் நிற்பேன் என்று சொன்னோம். நான் போனதெல்லாம் அடுப்புக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில்தான். அது வேறு விஷயம்.

எங்கள் குடியிருப்பில் பழைய சிப்பாய்கள் மூன்று பேர் இருக்கிறோம். நான் ஒருவன். வயர்லெஸ் பிரிவில் இருந்து ஒரு காதைப் பறிகொடுத்த நண்பர் இன்னொருவர். அவரை எல்லாரும் சிக்னல் என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாவது, எதிர்க் கட்டடத்தில் மகளோடு இருக்கும் கேப்டன். மாலையில் பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு மாத்திரையில் ஆரம்பித்தாலும் மழையில் ஆரம்பித்தாலும் உறுதிமொழியில் வந்துதான் முடியும். ஓய்வு பெற்றதோடு அது முடிந்துபோனதா இல்லையா என்பதுதான் வழக்கு. முடிந்துவிட்டது என்று ஒரு நாள் வீம்புக்கு வாதாடிப் பார்த்தேன். சிக்னல் விடவில்லை. "சம்பளத்தை நிறுத்தினாங்க, சரி. நான் சொன்ன வார்த்தையை யாராவது திருப்பிக் குடுத்தாங்களா?" என்றார். கேப்டன் இந்த வாதத்தில் கலந்துகொள்வதில்லை. அவருக்கு இப்போது ஞாபகம் கலங்கிவிட்டது. பெற்ற மகளையே, நீங்க யாரும்மா என்று மரியாதையாக விசாரிக்கிறார். ஆனால் உறுதிமொழியை யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும், கடைசி வரை ஒரு சொல் பிசகாமல் சொல்வார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, பஸ் நிலையத்துக்குப் போக வாடகைக் கார் வந்து நின்றது. பெட்டியும் கையுமாகக் கேட்டைத் தாண்டும்போது கேப்டன் எதிரே வந்தார். பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார், குரலில் மட்டும் பழைய கம்பீரம். "நான் வந்து விடுவிக்கற வரைக்கும் இந்த வாசலை விட்டு நகரக்கூடாது" என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றேன். காவலுக்கு நிறுத்தியவர் வந்து விடுவிக்காமல் காவல்காரன் இடம் பெயரக் கூடாது. படையில் சேர்ந்ததும் முதலில் மண்டையில் ஏற்றுவது அதைத்தான். கேப்டனோ நேராக வீட்டுக்குள் போய், என்னை நிறுத்தியதையே மறந்துவிட்டார்.

உங்கள் தங்கை கெஞ்சினாள், அழுதாள், கடைசியில் திட்டினாள். "தரை, கடல், ஆகாயம்னு எங்க வேணா போறேன்னு சொல்வீங்க, எங்க அண்ணன் வீட்டுக்கு மட்டும் வர மாட்டீங்க" என்றாள். சரி, நான் மட்டும் போகிறேன், டிக்கெட்டைக் கொடுங்கள் என்றாள். டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது, காவலில் நிற்பவன் பையில் கை விடக் கூடாது, அவளே எடுத்துக்கொள்ளலாம் என்றால் காவல்காரனை அடுத்தவர் தொடக் கூடாது, ஆகவே டிக்கெட் எங்கள் இருவருக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது. கார் ஓட்டுநர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். குடியிருப்பின் செக்யூரிட்டி, தன் வேலைக்கு உலை வைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் மூன்றாம் மாடி அம்மாள் சும்மாதானே நிற்கிறீர்கள் என்று வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார், பின்னாலேயே இன்னொருவர் பார்சல் வந்தால் வாங்கி வைக்கச் சொன்னார், ஒருவர் நாயையே என்னிடம் கட்டிவிட்டுப் போனார், நாய் உறுதிமொழி எதுவும் எடுக்காததால் கடைத்தெருப் பக்கம் இழுத்தது, நான் வாசல் பக்கம் இழுத்தேன். வெயில் ஏறியது. அந்தப் பக்கம் வந்த சிக்னலிடம், நீங்களாவது கேப்டனிடம் போய் என்னை விடுவிக்கச் சொல்லுங்கள் என்று கத்தினேன். கேட்ட காது எந்தப் பக்கமோ, கேட்டது வரைக்கும் போதும் என்று மாடிக்குப் போனார். போனவர் திரும்பவே இல்லை. பிறகு பார்த்தால் கேப்டன் அவரைப் பின்வாசல் காவலுக்குப் போட்டுவிட்டார்.

கேப்டனின் மகளும் முயற்சி செய்து பார்த்தது. அப்பா, அவரைப் போகச் சொல்லுங்கப்பா என்று பால்கனிக்கு அழைத்து வந்தது. "எந்தக் காவல்? சண்டை ஓய்ஞ்சு எவ்வளவோ காலமாச்சேம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்ததும், உஷாராக நிற்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக உள்ளே போனார். மாலையில் அவருடைய மகன் ஊரிலிருந்து வந்து இறங்கிய பிறகுதான், அப்பாவைக் கையோடு கூட்டி வந்து எங்கள் இருவரையும் விடுவிக்க வைத்தான். அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் கல்யாணம் முடிந்து சாமான் ஏற்றும்போதுதான் வந்து சேர்ந்திருப்போம். எனக்கு உடம்பு சரியில்லை என்று உங்களிடம் சொல்லச் சொன்னேன். அவளுக்குப் பொய் வரவில்லை. வர முடியவில்லை அண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதுதான் உங்களைச் சுட்டிருக்கிறது.

மச்சான், நான் பெரிய வீரன் இல்லை. எதிரியை நேரில் பார்த்ததுகூட இல்லை. சொன்ன வார்த்தை ஒன்றுதான் என் கையிருப்பு. அதைக் காப்பாற்றுகிறேன் என்று உங்கள் தங்கையை உங்களிடமிருந்து பிரித்துவிட்டேனே என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. என்னோடு நீங்கள் ஆயுசுக்கும் பேச வேண்டாம். அவள் போனை மட்டும் எடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகி, நெடுங்காலம் நன்றாக வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இதை நான் எழுதுகிறேன். இவர் தபால்தலை வாங்கப் போயிருக்கிறார், உறையை ஒட்டவில்லை. படித்துப் பார்த்தேன். நான் கெஞ்சவும் இல்லை, அழவும் இல்லை. டிக்கெட் என் கைப்பையில்தான் இருந்தது. கேப்டன் இவரை நிறுத்தியது உண்மை. ஆனால் பெட்டியைக் காரில் ஏற்றுவதற்குள் அவரே திரும்பி வந்து, போகலாம் என்று விடுவித்துவிட்டார். நாங்கள் காரில் ஏறியும் உட்கார்ந்தோம். கார் திரும்பும்போது பார்த்தால், கேப்டன் நடுரோட்டில் நிற்கிறார். லாரிகள் வருகின்றன. தன் ஆட்களைத் தேடிப் போகிறாராம். அவர் மகள் பிடித்து இழுக்கிறாள், உதறிவிடுகிறார். இவர் இறங்கி ஓடிப் போய் வாசலில் விறைப்பாக நின்றார். அதைப் பார்த்ததும்தான் கேப்டன் நடையை நிறுத்தினார். ஆள் காவலுக்கு இருக்கிறது என்று வீட்டுக்குள் போய்ச் சாப்பிடவும் உட்கார்ந்தார். இவர் நகர்ந்தால் மறுபடி ரோட்டுக்கு வருவார். மகன் வர மாலையாகும் என்று அந்தப் பெண் அழுதாள். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை வா என்று சொல்லியிருந்தால் வந்திருப்பார், அண்ணா. "நீங்க நில்லுங்க" என்று சொன்னது நான். நீ மட்டும் போ என்றார், நான்தான் கேட்கவில்லை. வெயிலில் நின்ற அந்த இரண்டு கிழவர்களுக்கும் தண்ணீர் கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா? காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கல்யாணப் பெண்ணின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். கோபப்படுவதானால் என் மேல் கோபப்படு. இவரிடம் பேசு.