பிக்கப்புக்குப் பூசிய றப்பர்

மெல்ரொன் கம்பிப் பிரஷை இன்னும் ஒருமுறை அழுத்தித் தேய்த்தான். துருக்கறள் போய்விட்டது. கறள் பிடித்திருந்த தகரமும் கூடவே போய்விட்டது. பிக்கப்பின் பின்தட்டில் உள்ளங்கை அளவு ஓட்டை. கீழே நின்ற கோழி ஒன்று தலையைச் சாய்த்து, ஓட்டை வழியே அவனைப் பார்த்தது.

"கறள் போச்சுதோ?" குசினிக்குள் இருந்து மனைவி ஜெயரூபினி கேட்டாள்.

"போச்சுது."

"முழுக்கவோ?"

"தேவைக்கு மேலையே போச்சுது."

அவன் அப்படியே தட்டில் குந்தினான். விடியலில் சிலாவத்தைக் கரையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளம் வரை தெருத் தெருவாக விற்பது அவன் தொழில். ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் வருடக்கணக்காக அந்தத் தட்டைத் தின்றுகொண்டிருந்தது. போன கிழமை சுகாதாரப் பரிசோதகர் வழியில் மறித்தார். பெட்டிக்கு வெளியே கிடந்த ஒரு பாரையைத் தூக்கினார். பாரையோடு ஒரு கறள் துண்டும் எழும்பி வந்தது.

"தம்பி, இது மீனின்ரை செதிலோ, வாகனத்தின்ரை செதிலோ?"

மெல்ரொன் அவசரமாகப் பாரையை வாங்கிப் பெட்டிக்குள் போட்டான்.

"அடுத்தமுறையும் இப்பிடியே கண்டன் எண்டால், விக்க விடமாட்டன்."

அன்றிரவே அவன் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்தான். ஒரு வெள்ளைக்காரன், படுத்து உறங்கலாம் போன்ற சுத்தமான கராஜ் ஒன்றில் நின்றுகொண்டு, பிக்கப்பின் தட்டு முழுவதும் கறுப்பு றப்பர் பூச்சைப் பூசினான். பெரிய டின்னுக்குள் சின்ன டின்னை ஊற்றிக் கலக்கிப் பூசினால் சரி. அதற்குப் பிறகு கறளும் வராது, கீறலும் விழாது. வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே கலக்கத் தொடங்கிய இடத்தில் மெல்ரொனின் டேற்றா முடிந்துபோனது. மிச்சத்தை நாமே ஊகிக்கலாம் என்று அவன் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை ஒட்டுசுட்டானுக்கு அங்காலைச் சனம் மீன் மச்சம் சமைப்பதில்லை. ஆகவே அன்றைக்கு வேலையைத் தொடங்கினான். தொடங்கிய கையோடு ஓட்டை.

ஓட்டை விழுந்தால் பக்கத்து வளவு யாக்கோப்புவுக்கு எப்படியோ தெரிந்துவிடும். வேலிக்கு மேலால் தலை தெரிந்தது.

"தகரம் ஒண்டு வைச்சு ஆணி அடி, மெல்ரொன். அதுக்கு மேலை பூசு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"தகரத்துக்கு எங்கை மாமா போறது?"

"வீட்டிலை தட்டம் கிட்டம் இல்லையோ?"

இருந்தது. ஜெயரூபினி நத்தார்ப் பெருநாளுக்குக் கேக் அடிக்கும் தட்டம். நத்தாருக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது என்று மெல்ரொன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு அதை வெட்டினான்.

பிறகு, மாங்குளத்தில் வாங்கி வைத்திருந்த பூச்சின் பெரிய டின்னைக் குளிக்கிற வாளியில் ஊற்றினான். அதற்குள் சின்ன டின்னையும் முழுவதுமாக ஊற்றினான். ஒரு தடியால் கலக்கினான். கறுப்புக் கஞ்சி போல வந்தது.

"கொஞ்சம் கொஞ்சமாய்க் கலக்கிறதோ, முழுக்கக் கலக்கிறதோ?" யாக்கோப்பு கேட்டார்.

"முழுக்கத்தான் இருக்கும்."

"வாளி சுடுது போலை கிடக்கு."

தொட்டுப் பார்த்தான். உண்மையிலேயே சுட்டது. கஞ்சி களியாகிக்கொண்டிருந்தது. மெல்ரொன் பாய்ந்து தட்டில் ஏறி, பின்கதவுப் பக்கத்திலிருந்து அவசர அவசரமாக இழுத்துப் பூசினான். கதவின் இடுக்கு, பிணைச்சல், கொக்கி எல்லாவற்றுக்குள்ளும் பூச்சு இறங்கியது. பிரஷ் இறுகியது. செருப்பால் இழுத்தான். செருப்பும் இறுகியது. கையால் இழுத்தான். கடைசியில் நிமிர்ந்து பார்த்தபோது முன்பக்க மூலையில் நின்றான். அவனுக்கும் பின்கதவுக்கும் இடையில் முழுவதும் ஈரக் கறுப்பு.

"மாமா, நான் எப்பிடி இறங்கிறது?"

யாக்கோப்பு வேலிக்கு மேலால் எட்டிப் பூச்சைப் பார்த்தார். "காயுமட்டும் நில்லன்."

நிற்கவில்லை. வாகனத்தின் கூரைக்கு மேலால் ஏறி முன்பக்கமாகச் சறுக்கி இறங்கினான். வெள்ளைக் கூரையில் கறுப்புக் கால் அடையாளங்கள் வரிசையாக விழுந்தன. வாளிக்குள் தடி தானாகவே நேராக நின்றது. வாளியைக் கவிழ்த்தபோதும் தடி விழவில்லை.

ஜெயரூபினி முற்றத்துக்கு வந்தாள். வாளியைப் பார்த்தாள். அவனுடைய கைகளைப் பார்த்தாள்.

"இனி எதிலையப்பா குளிக்கிறது?"

"வேறை வாளி வாங்குவம்."

"என்ரை கேக் தட்டம் எங்கை?"

அவன் பிக்கப்பைக் கண்ணால் காட்டினான். அவள் உள்ளே போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னேரம் கடற்காற்று எழும்பியது. மணலும் வேப்பஞ்சருகும் வந்து பூச்சில் ஒட்டின. ஒட்டாமல் இருக்கட்டும் என்று மெல்ரொன் மழைக்கு மூடும் நீலத் தறப்பாளை இழுத்து மூடினான். காற்று தறப்பாளை அமத்தியது. காலையில் தூக்கியபோது தறப்பாள் பாதிதான் வந்தது. மற்றப் பாதி நீலத் திட்டுகளாகத் தட்டிலேயே கிடந்தது. நடுவில் கோழியின் கால் அடையாளங்கள். ஓரத்தில் அதன் இறகுகளும் கொஞ்சம்.

"பாக்க ஒரு மாதிரி வடிவாய்த்தான் கிடக்கு," என்றார் யாக்கோப்பு.

மெல்ரொன் பஸ் ஏறினான். மாங்குளத்து ஹாட்வெயார் கடையில் இன்னொரு சோடி டின் வாங்கிக்கொண்டு, திரும்பிவரும் பஸ்ஸில் அதை மடியில் வைத்தபடியே நித்திரையானான். வந்து, கத்தியால் சுரண்டி, இந்தமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, உள்ளேயிருந்து வெளியே பூசினான். கோழிகளை ஜெயரூபினி கூட்டில் அடைத்தாள். அதுதான் அவள் மன்னித்ததற்கு அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமை காய விட்டான். கிழமையிலேயே நல்ல வியாபாரம் அன்றைக்குத்தான். அதுவும் போனது.

திங்கள் காலை தட்டு கன்னங்கரேலென்று மினுங்கியது. கேக் தட்டம் எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. பின்கதவு மட்டும் திறக்கவில்லை. இறுகி, உடம்போடு உடம்பாக ஒட்டியிருந்தது. பரவாயில்லை, மேலால் ஏறி இறக்குவோம் என்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

ஒட்டுசுட்டான் சந்தியில் பரிசோதகர் நின்றார். மெல்ரொன் தானாகவே நிறுத்தினான். அவர் எட்டிப் பார்த்து, விரலால் தடவி, விரலையும் பார்த்தார்.

"ஆர் செய்தது?"

"நான்தான் ஐயா."

"திறமாய்ச் செய்திருக்கிறீர். இனிப் பயமில்லாமல் வியாபாரத்தைப் பாரும்."

மூன்று நாள் முதுகுவலி அந்த ஒரு சொல்லில் பாதி இறங்கியது. வாகனம் குலுங்காமல், முனகாமல், எண்ணெய் விட்டதுபோல ஓடியது. பிக்கப்பில் ரேடியோ இருப்பதே அன்றைக்குத்தான் அவனுக்கு நினைவு வந்தது. போட்டான். பாட்டுத் தெளிவாகக் கேட்டது. கூடவே பாடினான்.

கரிப்பட்டமுறிப்பில் முதல் ஒழுங்கைக்குள் திருப்பி ஹோர்ன் அடித்தான். ஒருவரும் வரவில்லை. அடுத்த ஒழுங்கையிலும் வரவில்லை. வளவுகள் பெரியவை, வீடுகள் உள்ளே தள்ளி இருந்தன. திரும்பவும் முதல் ஒழுங்கைக்கு வந்து அடித்தான். ஒரு நாய் மட்டும் எழும்பிப் பார்த்துவிட்டுப் படுத்தது. பாட்டை நிறுத்தினான். மாங்குளம் வரை போய்த் திரும்பியும் ஒரு பெட்டி கூட முழுதாக முடியவில்லை. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. சனம் தன்னைக் கைவிட்டுவிட்டதோ, அந்தக் கறள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டதோ என்று அவன் பயந்தான்.

மத்தியானம் கடந்து கரிப்பட்டமுறிப்பில் மரநிழலில் நிறுத்தி, ஸ்டியறிங்கில் தலையைக் கவிழ்த்தான். சைக்கிளை உருட்டிக்கொண்டு இலட்சுமி வந்தாள். கிழமைக்கு நாலு தரம் அவனிடம் மீன் வாங்குகிறவள்.

"அட தம்பி, உங்களுக்குக் காய்ச்சலோ எண்டு யோசிச்சனாங்கள். ஏன் இண்டைக்கு வரேல்லை? மீன் இல்லையெண்டு முழு ஒழுங்கையும் கத்தரிக்காய் சமைச்சுப்போட்டுது."

"வந்தனான் அக்கா! உங்கடை படலையடியிலையே ரண்டு தரம் நிண்டு ஹோர்ன் அடிச்சனான்."

இலட்சுமி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஹோர்னை ஆர் தம்பி கேக்கிறது? உங்கடை பின்கதவு கடகடவெண்டு அடிபட்டுக்கொண்டு பாலத்தடியிலை வரேக்கை, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே நாங்கள் புளி கரைக்கிறனாங்கள்!"