பளீல் நானாவின் கடைத் திறப்பில் வெயில் வைத்தியர்

பங்குனி வெயில் கண்டிக்கு ஏறி வந்ததும் ஏரிக்கரை மரநிழலில் ஆட்கள் ஒதுங்குவார்கள், குழாய்த் தண்ணீர் நூலாய் மெலியும், ஐஸ் விற்பவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதே நாட்களில் நம் தெருக்களில் ஒரு மனித வகையும் நடமாடத் தொடங்கும். அந்த வகைக்கு நான் வெயில் வைத்தியர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் வைத்தியம் படித்தவர் அல்லர். வெயிலையும் படித்தவர் அல்லர். ஆனால் நீங்கள் நெற்றியை ஒருமுறை துடைத்தால் போதும், எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நிற்பார்.

"தண்ணி குடிச்சீங்களா?"

இதுதான் அவருடைய வணக்கம். குடித்தேன் என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? "எப்பிடிக் குடிச்சீங்க, நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?" என்பார். உட்கார்ந்துதான் என்றால், "மடமடன்னு குடிச்சிருப்பீங்க" என்று வருத்தப்படுவார். நீங்கள் எப்படிக் குடித்திருந்தாலும் அது பிழை.

எங்கள் கட்டுகஸ்தோட்டைத் தெருவுக்குக் கிடைத்த வெயில் வைத்தியர் மோகனராஜ். ஒரு கம்பனியில் கணக்கும் கடிதமும் எழுதும் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது, அதுதான் தொல்லை. கெட்டவரென்றால் வாசலில் கண்டதும் கதவைச் சாத்திவிடலாம். மோகனராஜோ கையில் இரண்டு செவ்விளநீரோடு வருவார், அதைச் சீவிக் கொடுப்பார், நீங்கள் குடிக்கும் வரை நின்று, குடித்த வேகம் சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

ஆளுக்கொரு மருந்து வைத்திருப்பார். சலூன் வைத்திருக்கும் அழகையாவிடம், மயக்கம் வந்தால் தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றச் சொன்னார். எதிர்வீட்டு உம்மு குல்சுமிடம், வேர்த்த தலையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது என்றார். உம்மு குல்சுமின் கணவர் பளீலிடம், சூட்டைச் சூடுதான் எடுக்கும், பால் விடாத பிளேன்டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடியுங்கள் என்றார். மூவரும் அவரை நம்பினார்கள். மூவரும் அதுவரை தங்கள் மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்ததில்லை என்பதால் தெருவில் அமைதி நிலவியது.

தெருவே நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் இந்தப் பளீல் கட்டாரில் பல வருடம் ஏசி பொருத்தும் வேலை செய்து திரும்பியவர். சேர்த்ததையெல்லாம் போட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் மின்சாரப் பொருட்கள் விற்கும் கடை ஒன்று போட்டார். வெயில் காலம் என்பதால் கடை நிறைய மின்விசிறிகள். திறப்பு நாளில் நாலு வார்த்தை பேச மோகனராஜை அழைத்தார். எதிர்வீட்டுக்காரர், பேசத் தெரிந்தவர், வேறு யாரை அழைப்பது?

மோகனராஜ் அதிகாலையிலேயே கோட்டும் டையுமாக வந்துவிட்டார். கடைக்கு முன்னால் தகரப் பந்தல். ஆட்கள் உட்காரும் கதிரைகளை நிழல் பார்த்து மாற்றிப் போட்டார், வந்தவர்களைத் தண்ணீர் குடித்தார்களா என்று விசாரித்தார், குடை கொண்டுவராதவர்களைக் கண்டித்தார், குடை கொண்டுவந்தவர்களிடம் கறுப்புக் குடை ஆகாது என்றார். உம்மு குல்சும் தட்டில் சர்பத் கொண்டு வந்து நீட்டினாள்.

"அண்ணே, ஒரு வாய் குடிங்க."

"சீனி போட்டது தாகத்தைக் கூட்டும்மா. மத்தவங்களுக்குக் குடுங்க. நான் பிறகு வெந்நீர் குடிக்கிறேன்."

அந்தப் பிறகு வரவில்லை. கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகள் அவர் கண்ணில் பட்டுவிட்டன. மடவளையிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஒரு பெரிய மின்விசிறியின் முன்னால் நின்று காற்று வாங்கி, விலையும் கேட்டு, வாங்குவதென்று முடிவெடுத்துக்கொண்டிருந்தது. மோகனராஜ் நடுவில் புகுந்து சுவிட்சை அணைத்தார்.

"வேர்வையோட பேன் காத்துப் பட்டா மூட்டெல்லாம் பிடிச்சுக்கும். பிள்ளைங்க இருக்கிற வீடு. ஜன்னலைத் திறந்து வச்சாலே போதும்."

குடும்பம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு வாசலைப் பார்த்தது. அவர்கள் போனபின் மோகனராஜ் மற்ற மின்விசிறிகளையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். பளீல் அவரை மூலைக்குக் கூட்டிப் போனார்.

"அண்ணே, இது பேன் கடை. இத நம்பித்தான் நான் இரிக்கிறன். வந்த ஆக்கள் எல்லாம் திரும்பிப் போறாங்க."

"நானா, உங்க யாவாரம் எனக்கும் முக்கியம்தான். ஆனா ஆளுங்களோட உடம்பு?"

பளீல் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததைப் பார்த்து மோகனராஜ் அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்.

கடைக்கான பிரார்த்தனையாகத் துஆ ஓதி முடிந்ததும் மோகனராஜ் பேச எழுந்தார். தகரத்தின் கீழே பந்தல் சட்டியாய்க் கொதித்தது. பளீலை ஒரு வரியில் வாழ்த்திவிட்டு உஷ்ணகாலத்துக்குத் தாவினார். பருத்தி உடை உடுக்க வேண்டும் என்றார், கோட்டுக்குள்ளிருந்து. உச்சிவெயிலில் ஓய்வு எடுக்க வேண்டும் என்றார், உச்சிவெயிலில் நின்றுகொண்டு. "ஆகவே முன்னெச்சரிக்கையாக நாங்கள்" என்று சொன்னவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதுபோல் மேலே பார்த்தார். முகம் சாம்பல் நிறமானது. மேசையைப் பிடிக்கப் போன கை காற்றைப் பிடித்தது. பளீல் பாய்ந்து தாங்கியிராவிட்டால் தலை படிக்கட்டில் மோதியிருக்கும்.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு எல்லாரும் அசைந்தார்கள். அழகையா சலூனுக்குள் ஓடி வாளி நிறையத் தண்ணீரோடு வந்தார். உம்மு குல்சும் குறுக்கே நின்றாள்.

"தலையில ஊத்தாதீங்க. வேர்த்த தலையில ஒரு சொட்டும் படக்கூடாதுன்னு அண்ணன்தான் எனக்குச் சொன்ன."

"ஊத்தச் சொல்லி எனக்குச் சொன்னதும் அவருதாம்மா."

"ரெண்டும் இல்ல, பிளேன்டீ குடுக்கணும்" என்றார் பளீல். "எனக்கு அப்பிடித்தான் சொன்ன."

தரையில் கிடந்தவரின் வார்த்தையை வைத்துக்கொண்டு அவருடைய மூன்று சீடர்களும் அவருக்கு மேலேயே வாதாடினார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கண் திறக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி ஞானேஸ்வரி ஓடி வந்தாள்.

"நானா, இவரைக் கடைக்குள்ள தூக்குங்க. இருக்கிற பேன் எல்லாத்தையும் போடுங்க. அழகையா அண்ணே, அந்தத் தண்ணியில துண்டை நனைச்சுத் தாங்க."

கோட்டைக் கழற்றினாள், டையை அவிழ்த்தாள், சட்டைப் பொத்தான்களைத் திறந்தாள். கழுத்திலும் கையிலும் ஈரத் துணி வைத்தாள். பளீல் கடையிலிருந்த மின்விசிறிகளை எல்லாம் திருப்பி முழு வேகத்தில் ஓடவிட்டார். வாசலில் கூட்டம் எட்டிப் பார்த்தது. ஞானேஸ்வரி கணவரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

மோகனராஜ் கண் திறந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"பேனை நிப்பாட்டுங்க. மூட்டுப் பிடிச்சுக்கும்."

உம்மு குல்சும் அழுதுகொண்டே சிரித்தாள். பளீல் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார், யாரும் தொடாதபடி.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, ஆட்டோவில் ஏற்றி, ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும் என்றார் அவர். மோகனராஜ் பணிவாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "டாக்டர், உங்க மேசையில வெயில் நேரா விழுது. கொஞ்சம் தள்ளிப் போட்டீங்கன்னா நல்லது" என்றார்.

வெளியே வந்ததும் ஞானேஸ்வரி ஆட்டோவில் ஏறாமல் நின்றாள்.

"ஊரெல்லாம் தண்ணி குடிச்சாங்களான்னு கேட்டீங்க. உங்களைக் கேக்கணும்னு நானும் காலையிலிருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். வாயைத் திறக்க நீங்க இடம் குடுக்கவே இல்லைங்க."

மோகனராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். பாலம் வரும் வரைக்கும் யாருக்கும் எந்த ஆலோசனையும் சொல்லவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு நீண்ட தூரம் என்று தெரியும்.

கடையில் அதற்குள் வேறு கதை நடந்திருந்தது. விழுந்தவர் எழுந்ததைக் கண்ணால் பார்த்த கூட்டம் கலையாமல் உள்ளே புகுந்து, மாலைக்குள் மின்விசிறிகளில் பாதியை வாங்கிப் போயிருந்தது. பளீல் அன்றே இருவரையும் சாப்பாட்டுக்கு அழைத்தார். மோகனராஜும் சர்பத்தைக் குடித்தார், இரண்டு கிளாஸ், ஒரு குறையும் சொல்லாமல். மூன்றாவது நாள் வரைக்கும் அப்படியே இருந்தார். நான்காவது நாள் சலூன் வாசலில், மின்விசிறியை எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும் என்று அழகையாவுக்கு விளக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் ஒரு மோகனராஜ் நினைவுக்கு வந்திருப்பார். அவரைத் திருத்த ஓர் அருமையான யோசனையும் தோன்றியிருக்கும். அந்த யோசனை, "நான் சொல்றேன்னு நினைக்காதீங்க" என்று தொடங்குகிறதா? அப்படியென்றால் அதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் உங்களிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று வெகுநேரமாகக் காத்துக்கொண்டிருக்கக்கூடும்.