நெதர்லாந்து வேண்டாமென்று நீங்களே சொல்ல வேண்டும், அக்கா

மம்பாவ்,
ஞாயிற்றுக்கிழமை காலை

என்றும் என் மரியாதைக்குரிய பஞ்சாலை அக்காவுக்கு,

உங்கள் தம்பி புனிதன் வணங்கி எழுதுவது. இங்கே நான், மோகனா, உங்கள் மருமகள் ஷாமினி மூவரும் நலம். நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன். என் இடது முட்டியில் கட்டு இருக்கிறது, காரணம் கீழே வரும். அங்கே பகாவ் தோட்டத்தில் நீங்களும் உங்கள் கோழிகளும் வாழைகளும் சௌக்கியமாக இருக்க ராசா ஊர் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அந்த அம்மனோடு எனக்கு இப்போது சின்ன மனஸ்தாபம் என்றாலும் உங்களுக்காகக் கேட்டால் கொடுப்பாள்.

இந்தக் காலத்தில் எதற்குடா கடிதம் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது எப்படியோ குடும்பக் குரூப்பில் போய் விழுந்துவிடுகிறது. போன மாதம் மோகனாவின் அண்ணனைப் பற்றி உங்களுக்கு மட்டும் எழுதியது அவருக்கே போய், அவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி பதில் போட்டது உங்களுக்குத் தெரியும். போன் செய்யலாம் என்றால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், லயத்து வரிசை வீடு அத்தனையும் உட்கார்ந்து கேட்கும். இது ரகசியம், அக்கா. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

விஷயம் ஷாமினியின் மேல்படிப்பு. சட்டம் படித்து, சோதனையெல்லாம் தேறி, சிரம்பானில் ஒரு வக்கீல் ஆபீசில் கறுப்புக் கோட்டு போட்டு நிற்கிற பெண். அதுவே போதாதா? போதாதாம். அதற்கு மேலே எல்.எல்.எம். என்று ஒன்று இருக்கிறதாம், ஒரு வருஷம், அதுவும் வெளிநாட்டில். எங்களிடம் மூச்சு விடாமல் மூன்று நாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். மூன்றிலும் இடம் கிடைத்து, ஸ்காலர்ஷிப்பும் கிடைத்துவிட்டது. மற்ற வீட்டில் கிடைக்கவில்லையென்று அழுவார்கள். நம் வீட்டில் கிடைத்துவிட்டதே என்று நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்று ஆஸ்திரேலியா, ஒன்று ஸ்காட்லாந்து, ஒன்று நெதர்லாந்து. பல்கலைக்கழகங்களின் பெயரை நான் சொன்னால் ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், அதனால் நாட்டின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் ஓட்டு ஆஸ்திரேலியாவுக்கு. காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்கிவிடலாம், முருகன் கோயில் இருக்கிறது, கறிவேப்பிலை கிடைக்கிறது. மோகனாவின் ஓட்டு ஸ்காட்லாந்துக்கு. ஏன் என்று கேட்டால், எதிர்வீட்டு கணேசமூர்த்தியின் மகன் மான்செஸ்டரில் இருக்கிறான், ஆத்திர அவசரத்துக்கு ஓடி வருவான் என்கிறாள். மான்செஸ்டர் வேறு, ஸ்காட்லாந்து வேறு என்று நான் வரைபடத்தைக் காட்டினேன். “ரெண்டும் ஒரு விரக்கட தூரம்தானங்க” என்றாள், வரைபடத்தில் விரலை வைத்து. கணேசமூர்த்தி ஒரு தடவை அங்கே போய் வந்தவர், அவரைக் கேட்டேன். “குளிர் ஒன்னும் பண்ணாது சார், அவங்க பேசுற இங்கிலீஷ்தான் கஷ்டம். கேட்டா சண்டைக்கு வர்ற மாதிரியே இருக்கும். ஆனா ‘சாப்ட்டியா’ன்னுதான் கேட்டிருப்பான்” என்றார். ஷாமினியோ யார் பக்கமும் சேராமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம். கேட்டேன். “நெதர்லாந்துப்பா” என்றாள்.

அக்கா, அந்த நாட்டைப் பற்றி நான் விசாரித்துவிட்டேன். பாதி ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது! நம் தாமான் குடியிருப்புல ஒரு சாயங்காலம் மழை அடிச்சா லோங்காங் சாக்கட நெரம்பி வாசல்ல கெளுத்தி மீன் வருது, நானே தொடப்பத்தால தள்ளியிருக்கேன். இவ போயி கடலுக்குக் கீழ குடியிருக்கப் போறாளாம். சரி, நேரடியாகவே கேட்டுவிடுவோம் என்று, அந்தப் பல்கலைக்கழகம் ஆன்லைனில் நடத்திய விளக்கக் கூட்டத்தில் அவளுக்குத் தெரியாமல் நானும் சேர்ந்தேன். நமக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் காலை. வெயில் தாங்காமல் கைலியோடு, மேலே ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். சும்மா பார்க்கத்தானே போகிறோம், நம்மை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டு எதையோ தொட்டேன் போலிருக்கிறது, திரையில் ஒரு மஞ்சள் கை எழுந்து நின்றது. வெள்ளை முடி வைத்த ஒரு பேராசிரியை அம்மா, “மிஸ்டர் புனிதன், உங்கள் கேள்வி?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த நேரம் பார்த்து மோகனா அடுப்படியிலிருந்து, “ஏங்க, கேஸ் தோங் தீந்துபோச்சி, கடைக்குப் போன் போடுங்க!” என்று கத்தினாள். உலகம் முழுக்கக் கேட்டது. வந்தது வரட்டும் என்று, “மேடம், உங்கள் ஊர் கடலுக்குக் கீழே இருப்பது உண்மையா, மழை வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேவிட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. பொறுமையாக, தடுப்புச் சுவர், தண்ணீர் இறைக்கும் நிலையம் எல்லாம் விளக்கினார். கடைசியில், “உங்களுக்கு எந்தத் துறையில் ஆர்வம்?” என்றார். “என் மகள்” என்றேன். அப்போதுதான் திரையின் மூலையில் ஒரு கட்டத்தைப் பார்த்தேன். ஆபீஸ் நாற்காலியில் ஷாமினி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “சட்டையாச்சும் போட்டிருக்கலாம்லப்பா?”

மனிதர்களிடம் கேட்டது போதும், அம்மனிடம் கேட்போம் என்று மோகனாவை ராசா கோயிலுக்கு அழைத்துப் போனேன், பூ கட்டிப் பார்க்க. குருக்கள், “நாடு மூணு, பூவு செவப்பு வெள்ளைன்னு ரெண்டுதானே இருக்கு?” என்றார். செவப்பு ஆஸ்திரேலியா, வெள்ளை ஸ்காட்லாந்து, மூன்றாவதுக்கு ஒரு துளசி வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். துளசி சின்னதாகத்தானே இருக்கும், கையில் அகப்படாது என்று ஒரு கணக்கு. மோகனா கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். துளசி. பொட்டலம் சரியாகக் குலுங்கவில்லை, இன்னொரு தடவை எடுக்கலாம் என்றேன். மறுபடியும் துளசி. மூன்றாவது முறை என்று வாயைத் திறந்தேன். “சாமிகிட்ட போயி பூப்பந்து வெளையாட்டு மாதிரி மூணு ஆட்டம் கேக்குறீங்களே” என்று குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மனஸ்தாபம் என்று மேலே எழுதினேனே, இதுதான்.

கடைசி ஆயுதம் சைக்கிள். அந்த நாட்டில் எல்லோரும் சைக்கிளில்தான் போவார்களாம், பேராசிரியர் உட்பட. நம் ஷாமினிக்குக் கார் ஓட்டத் தெரியும், சைக்கிள் தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை விழுந்தவள், அப்புறம் தொடவே இல்லை. கணேசமூர்த்தியின் சைக்கிளைக் கடன் வாங்கி, “இத ஓட்டிக் காமி, அப்புறம் நெதர்லாந்து பேசலாம்” என்றேன். தாமான் திடலில் ஏறினாள், விழுந்தாள், ஏறினாள், விழுந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், வெளியே “பாத்துமா, பாத்து” என்று பதறினேன். அப்புறம் என்ன ஆச்சோ தெரியல அக்கா, பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரு மிதி மிதிச்சா பாருங்க, திடலையே ஒரு சுத்து சுத்திட்டு வந்து எம்முன்னால பிரேக் புடிச்சி நிக்கிறா. விடுவேனா? “ரோட்டுல திரும்புறப்ப ஒத்தக் கையில சிக்னல் காட்டணும், அதுதான் கஷ்டம், இங்க பாரு” என்று நான் ஏறிக் காட்டினேன். சிக்னல் சரியாகத்தான் காட்டினேன். திரும்பியது மட்டும் லோங்காங் பக்கம்.

முட்டிக்கு ஷாமினிதான் மருந்து போட்டாள். எரிச்சல் தெரியாமலிருக்க ஊதி ஊதிப் போட்டாள். அந்த நேரத்தில்தான் மெல்லக் கேட்டேன், “ஏம்மா, அப்படி என்னதான் இருக்கு அங்க?”

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் சம்பந்தம் உண்டு. உங்கள் லயத்தைக் காலி செய்யச் சொல்லித் தோட்டக் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்த கேஸில் அவளும் அவளுடைய சீனியரும் போய் நின்றார்கள் அல்லவா? “ஜட்ஜ் ஒரு கேள்வி கேட்டாருப்பா. மூணு தலமொற ஒரே வீட்டுல இருந்தவங்களுக்கு, வேல முடிஞ்சா வீடும் முடிஞ்சிருமா, இல்ல வேற ஏதாச்சும் உரிம இருக்கா, எந்த நாட்டுலயாவது இதுக்கு முன்னால தீர்ப்பு இருக்கான்னு. சீனியர் இன்னொரு நாளுக்குத் தவண கேட்டாரு. எனக்கும் பதில் தெரியல. பின்னால பெஞ்சில அத்த உக்காந்திருந்தாங்க. திரும்பிப் பாக்கவே முடியலப்பா.” தவணை கிடைத்தது, நீங்களும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறீர்கள், ஆனால் பதில் கிடைக்கவில்லை. பல நாட்டுத் தோட்டங்களில் இதே கேள்வியை ஆராய்ச்சி செய்கிறவர்தான் அந்த வெள்ளை முடி அம்மாவாம். ஆஸ்திரேலியாவில் அவளுக்குக் கிடைத்தது கம்பெனிச் சட்டம். “அத படிச்சிட்டு வந்தா நோட்டீஸ் அனுப்புற பக்கம்தான்ப்பா என்னைய வேலைக்குக் கூப்பிடுவாங்க” என்றாள்.

கட்டை இறுக்கிக் கட்டச் சொன்னேன்.

ஆனாலும் அக்கா, நியாயம் வேறு, பெற்ற மனம் வேறு. ஒரே பிள்ளை. அங்கே பகல் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம் குளிர்காலத்தில். காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள்? ஆஸ்திரேலியாவிலும் தேடினால் இந்தச் சட்டம் சொல்லித்தர யாராவது ஒருத்தர் இருக்கமாட்டாரா? அடுத்த திங்கட்கிழமைக்குள் அவள் பதில் அனுப்ப வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள், மோகனா சொன்னால் சிரிப்பாள். நீங்கள் சொன்னால் அது அவளுக்கு வேதம். அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், “நெதர்லாந்து வேண்டாம் பாப்பா, கிட்டத்துலயே படி” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மூட்டு வலிக்கு மோகனா அனுப்பும் தைலத்தை இரவில் தேய்த்துக்கொள்ளவும். லயத்தில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். நீங்கள் நூறாண்டு இருந்து எங்களை அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
புனிதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரிக்கும்படி ஆகிவிட்டது. சற்று முன் ஷாமினி வந்து, “சனிக்கெழம அத்தயப் பாக்கப் போறேன், ஏதாச்சும் குடுக்கணுமாப்பா?” என்றாள். கடிதத்தைத் தொடைக்கடியில் மறைத்துக்கொண்டு, “போயி அத்தகிட்டயே யோசன கேளு, அவங்க என்ன சொல்றாங்களோ அதுவே என் முடிவு” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். “அத்ததான்ப்பா மொதல்லயே சொன்னாங்க. கோர்ட்டுல இருந்து வெளிய வந்ததும் எங்கையப் புடிச்சி, ‘நீ போயி அந்தக் கேள்விக்குப் பதில் படிச்சிட்டு வா பாப்பா, எம்புட்டுத் தூரமா இருந்தாலும் போ’ன்னாங்க. போன வாரமே சம்மதம்னு அனுப்பிட்டேன். ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல” என்றாள். ஆக, திருடனைப் பிடிக்கச் சொல்லி நான் திருடனுக்கே மனு எழுதியிருக்கிறேன். மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக எண்ணிக்கொள்ளவும். மோகனா ஏற்கெனவே பாசாருக்குப் போய்க் கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறாளாம். அவளுக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. ஷாமினி இன்னொன்றும் சொன்னாள். “அப்பா என்ன செய்வாரு அத்த?” என்று அவள் கேட்டதற்கு, “அவன நான் பாத்துக்கறேன், நீ போ” என்றீர்களாமே. அவள் செப்டம்பரில் கிளம்புகிறாள். நீங்கள் எப்போது வருகிறீர்கள், அக்கா?