சியாகுல்லியிலை நான் கண்ட மாமரம்

வாழ்க்கையிலை ஒரு பூக்கண்டுகூட வளர்க்காதவன் கையிலை மரம் அரியிற வாளைக் குடுக்கக் கூடாது. குடுத்தால் அவன் டொக்டர் மாதிரி நடக்கத் தொடங்கீடுவான். நான் நடந்தனான். (டொக்டர்மாருக்கு எண்டாலும் படிப்பு இருக்கு. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சரிவரேல்லை. சண்டை சச்சரவு இல்லாமல் பிரிஞ்சிட்டம்.)

என்ர மனிசி றோசலின், பலெர்மோ நகரத்திலை கால்சாப் பக்கம் சிஞ்ஞோரா கொன்செத்தா எண்ட வயசுபோன மனிசி வீட்டிலை வேலை செய்யிறவ. நான் ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவுறன். நாங்கள் இருக்கிறது அல்பெர்கேரியாவிலை, ஒடுக்கமான ஒழுங்கையிலை, நிலத்தோடை ஒட்டின ரெண்டு அறை. வெயில் எங்கட ஒழுங்கைக்கும் வரும். வந்து மேல்மாடிக்காரரைப் பாத்திட்டுத் திரும்பிப் போயிடும். றோசலின் யன்னல் கட்டிலை கறிவேப்பிலைக் கண்டு வைப்பா. வைக்க வைக்க அது செத்துக்கொண்டே இருந்தது.

சிஞ்ஞோராவின்ர புருசன் செத்துப்போனாப்பிறகு, நகர ஓரத்திலை, சியாகுல்லியிலை அவர் மரம் வைச்ச தோட்டத்துண்டு பூட்டின படி கிடந்தது. அதை விக்கவேணும் எண்டு மகன் ஒற்றைக்காலிலை நிண்டவர். ஒருநாள் சிஞ்ஞோரா திறப்பை றோசலின்ர கையிலை வைச்சா.

"மந்தரீனோ பழுக்கேக்கை வந்து பாப்பன். என்ர மனிசன்ர மரங்கள் நல்லா இருந்தால் நீயே வைச்சுச் செய். இல்லாட்டி மகன் விக்கட்டும்." (மந்தரீனோ எண்டால் ஒரு சின்னத் தோடம்பழ வகை.)

அண்டைக்கு றோசலின் திறப்பை இடுப்பிலை செருகிக்கொண்டுதான் சமைச்சவ. முருங்கை எங்கை, பயித்தங்காய் எங்கை எண்டு மேசையிலை விரலாலை கீறிக் காட்டினா. "கொஞ்சம் மண்ணப்பா. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

நவம்பர் மாசம், ஞாயிறு பூசை முடிய போனம். என்ன மரம் எண்டு கண்டுபிடிக்கிறது என்ர பொறுப்பு. இலையைக் கிள்ளினன், பால் வந்தது, அத்தி. கையிலை முள்ளுக் குத்தினது, தேசி. காய் வெடிச்சுப் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டது மாதுளை. நடுவிலை ஒரு பெரிய மரம். நீட்டு இலை, தடிச்ச இலை. கொப்பு நுனியெல்லாம் கொத்துக் கொத்தாய்ப் பூ.

நான் அவவின்ர கையைப் பிடிச்சு இழுத்தன். "றோசலின், இது மாமரமப்பா!"

அவ இலையைத் திருப்பித் தடவிப் பாத்தா. "மாவிலையிலை இப்பிடி மயிர் இருக்காதே."

"குளிர் நாடெல்லோ? அது சுவெட்டர் போட்டிருக்கு."

"சிஞ்ஞோராவை ஒருக்காக் கேப்பம்."

"உனக்கென்ன விசரா? மாமரம் எண்டு தெரிஞ்சால் திருப்பி வேண்டிப்போடுவா."

நான் அந்த மரத்துக்குக் கீழை மல்லாந்து படுத்தன். பூ வாசம் இனிப்பாய் இறங்கினது, பால் காய்ச்சிற வீட்டுக்குப் பக்கத்திலை படுத்த மாதிரி. தேனீயள் ரகசியம் கதைச்சுதுகள். தூரத்திலை கடல் கிடந்து மினுங்கினது. கண்ணை மூடினன். பல்லாறோச் சந்தையிலை நான் தள்ளுவண்டியோடை நிக்கிறன். பலெர்மோச் சனம் முழுக்க வரிசையிலை. ஒரு பாதர் அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடிவாறார், மாம்பழம் முடிஞ்சிடும் எண்ட பயத்திலை. என்ர முதலாளி வந்து, "ஐயா, உங்களுக்கு நான் கோப்பை கழுவட்டோ?" எண்டு கேக்கிறார். நான் யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொன்னன். (கனவிலையும் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் கூட.)

எழும்பினவுடனை பூவைப் படம் எடுத்துக் கோயில் வட்ஸ்அப் குறூப்பிலை போட்டன். மன்னாரிலை இருந்து வந்த அந்தோனி அண்ணைதான் எங்கட சனத்துக்குள்ளை எல்லாம் தெரிஞ்ச ஆள். அவர் உடனை குரல் அனுப்பினார்: "தம்பி, மாம்பூதான். சந்தேகமே இல்லை. காய் வந்தால் முதல் காய் எனக்கு."

அதுக்குப் பிறகு என்னைப் பிடிக்க ஏலுமே? டிசம்பரிலை பாத்தால், மாமரத்தோடை ஒட்டி நிண்ட மந்தரீனோ மரம் அதுக்கு வெயிலை மறைச்சுக்கொண்டு நிண்டது. சந்தையிலை மந்தரீனோ எல்லாம் செம்மஞ்சளாய்க் குவிஞ்சு கிடக்கு, இது மட்டும் பச்சைக் காயோடை. ஒண்டைக் கடிச்சன். கண்ணாலை தண்ணி வந்தது. 'பழுக்கத் தெரியாத மரம் இருந்தென்ன, விட்டென்ன' எண்டு, மாமரப் பக்கம் இருந்த பாதியை அரிஞ்சு தள்ளீட்டன். (சியாகுல்லி மந்தரீனோ குளிர்காலம் முடியேக்கைதான் பழுக்கும். அதுதான் அதின்ர பெருமை. இது இந்த ஊர்க் குழந்தைப்பிள்ளையளுக்கும் தெரியும்.)

றோசலின் தேத்தண்ணிப் போத்திலோடை வந்து பாத்தா. மண்ணையும் சாம்பலையும் குழைச்சு, வெட்டின இடமெல்லாம் பூசி, தன்ர பழைய சீலையைக் கிழிச்சுக் கட்டினா. "வெட்டினது நீங்கள். நோகிறது அதுக்கு," எண்டா. அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் அந்த மரத்திட்டைத்தான் போவா, ஆஸ்பத்திரியிலை ஆள் பாக்கப் போற மாதிரி.

மார்ச்சிலை என்ர மாமரத்திலை காய். பச்சை, உருண்டை, பெருவிரல் அளவு. "இஞ்சத்தை மாங்காய் இப்பிடித்தான்," எண்டு நானே எனக்கு விளக்கம் சொன்னன். பூசை முடிய, மாங்காய் வந்திட்டுது எண்டு வாயைத் திறந்திட்டன். அவ்வளவுதான். சனம் முழுக்க பஸ் ஏறினது. அந்தோனி அண்ணை உப்பும் தூளும் கலந்து சரை கட்டிக்கொண்டு வந்தார்.

முதல் காய், சொன்னபடி அவருக்கு. தூளிலை தோய்ச்சுக் கடிச்சார். அவற்ற முகம் நாலு பக்கமும் போனது.

"என்னண்ணை?"

"தம்பி... இது மாங்காயின்ர ஆரோ தூரத்துச் சொந்தமடா!"

அந்த நேரம் பாத்து படலைப் பக்கம் ஒரு குரல். "என்ன செய்யிறியள்? நெஸ்பொலாவை ஏன் பச்சையாய்த் தின்னுறியள்?"

சிஞ்ஞோரா. பக்கத்திலை மகன்.

நெஸ்பொலா! மே மாசத்திலை பல்லாறோவிலை கூடை கூடையாய் விக்கிற, பெரிய கொட்டை வைச்ச மஞ்சள் பழம். வருசா வருசம் நானே வேண்டித் தின்னுறனான். பழத்தைத் தெரியும், மரத்தைத் தெரியாது.

ஆனால் சிஞ்ஞோரா இப்ப நெஸ்பொலாவைப் பாக்கேல்லை. பாதி மந்தரீனோ மரத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா. மகன், "நான் சொன்னனான்தானே மம்மா, வித்திடுவம்," எண்டார். றோசலின்ர கை திறப்பை இறுக்கிப் பிடிச்சதைக் கண்டன். நிலம் பிளந்தால் உள்ளை போகலாம் எண்டு பாத்தன். பிளக்கேல்லை.

சிஞ்ஞோரா கிட்டப் போய்ச் சீலைத் துணியைத் தொட்டா. "இது ஆர் கட்டினது?"

"நான்தான், சிஞ்ஞோரா."

"வெட்டினது?"

றோசலின் வானத்தைப் பாத்தா. மற்ற அவ்வளவு சனமும் என்னைப் பாத்தது.

மிச்சப் பாதியிலை பழம் செம்மஞ்சளாய்த் தொங்கினது. சிஞ்ஞோரா ஒண்டைப் பிடுங்கி, மெதுவாய் உரிச்சு, பாதியை றோசலினுக்குக் குடுத்தா. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டா. மகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதுக்குள்ளை ஒரு சுளையை வைச்சு மூடினா.

"திறப்பு உன்னட்டையே இருக்கட்டும்," எண்டா றோசலினைப் பாத்து. பிறகு என்ர பக்கம் விரலை நீட்டினா. "இவர் வரலாம். இருக்கலாம். சாப்பிடலாம். ஒரு ஆயுதமும் தொடக் கூடாது."

சட்டம் இண்டைக்கும் அமுலிலை இருக்கு. படலையிலை றோசலின் என்ர பொக்கற்றைத் தடவிப் பாத்துத்தான் உள்ளை விடுறவ. நகவெட்டியும் பறிபோகும். முருங்கை தலைக்கு மேலை வளந்திட்டுது. கறிவேப்பிலை கோயில் சனத்துக்கு எல்லாம் போகுது. நான் நெஸ்பொலாவுக்குக் கீழை மல்லாந்து படுக்கிறன், அதுக்கு எனக்கு அனுமதி இருக்கு.

மே மாசம் பிறந்தால் சிஞ்ஞோரா றோசலினுக்கு போன் எடுப்பா. சுகம் விசாரிக்கிறதுக்கு முந்தி ஒரு கேள்வி: "உன்ர மனிசன்ர மங்கோ பழுத்திட்டுதோ?"

றோசலின் ஸ்பீக்கரிலை போட்டிட்டுத்தான் மறுமொழி சொல்லுவா.