வேங்கையின் லேப்டாப் திணறிய கதை

டொக். டொக். டொக்.

ஒரு காட்டில், உச்சிவெயில் நேரத்தில், எதுவும் கண்ணில் படும் முன்னே காதில் விழுந்தது இந்தச் சத்தம்தான். மரங்கொத்தி என்று நினைத்துப் புதரை விலக்கியவர்கள் உடனே மூடியிருப்பார்கள். உள்ளே சுடலைமுத்து என்ற வேங்கை ஒற்றை நகத்தால் லேப்டாப்பின் என்டரைத் தட்டிக்கொண்டிருந்தது. அதன் இன்னொரு கை ஆவுடையம்மாள் என்ற கடமானின் கழுத்தின்மேல் இருந்தது. உதிர்ந்த நெல்லிக்காய் பொறுக்க வந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்ட கடமான்.

பிடித்ததும் தின்றுவிடுகிற காலமெல்லாம் போய்விட்டது. இரையின் விவரங்களை இணையதளத்தில் ஏற்றி, ‘சமர்ப்பி’ என்பதை அழுத்தி, அனுமதி எண் வந்த பிறகுதான் வாயை வைக்கலாம் என்பது காட்டின் புதுச் சட்டம். மீறினால் நடமாடும் எல்லையே பறிபோகும். ஆகவே லேப்டாப் திணறிக்கொண்டே இருக்கும்வரை கடமானும் இருக்கும். அது வேகமெடுத்தால் முடிந்தது கதை.

“போன வருசம் பழைய டிஸ்க்கக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டப்ப பறந்துச்சு, தெரியுமாளா?” என்றது வேங்கை. “இப்ப பாரு. விண்ணப்பம் தொறக்கதுக்குள்ள வெறும் வயித்துலயே ஏப்பம் வந்துரும் போல.”

“ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன் அண்ணாச்சி.”

அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டால் யோசனை சொல்லாமல் இருக்க முடியாத நல்ல மனசு ஆவுடையம்மாளுக்கு. அதோடு, கழுத்தும் அதனுடையது.

ரீஸ்டார்ட் ஆனது. ஆகிக்கொண்டே இருந்தது. கடமான் வாயிலிருந்த நெல்லிக்காயை நிதானமாக மென்று, கொட்டையைத் துப்பியது.

“டிஸ்க்குல செதறிக் கெடக்கதயெல்லாம் அடுக்குமே, அந்த டிஃப்ராக் போட்டா சரியாகும்னு எங்க மச்சான் சொல்லுவாவ.”

“ரொம்ப நேரம் ஆகுமோ?”

“ஆகும் அண்ணாச்சி. நல்லாவே ஆகும்.”

போட்டார்கள். லேப்டாப் மூச்சு வாங்கியது. வேங்கை பொறுமையிழந்து மறுபடி டொக் டொக்கென்று தட்டியது.

“ஏய், யாருல அது? ராத்திரி பூரா வேல பாத்துட்டு இப்பதான் கண்ண மூடுனேன்!”

மேலே கிளையில் இரண்டு பெரிய கண்கள் திறந்தன. தேவாங்கு நாறும்பூ. அந்தக் காட்டில் லேப்டாப் பழுது பார்ப்பது அதுதான். சத்தம் நின்றால் போதும், தூங்கலாம் என்று இறங்க ஆரம்பித்தது. பாதி மரத்தில் ஒரு நத்தை அதை முந்திக்கொண்டு போனது.

“வேகத்தச் சரி பண்ண நல்ல ஆளு வந்து வாய்ச்சிருக்கு” என்றது வேங்கை.

வந்து சேர்ந்த நாறும்பூ திரையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டது. “ஒங்களுக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? எஸ்எஸ்டிக்கு யாராவது டிஃப்ராக் போடுவாவளா? அது தட்டு சுத்துற பழைய டிஸ்க்குக்கு உண்டான வைத்தியம். இதுக்குப் போட்டா தேய்மானம்தான் மிச்சம்.” பழுது பார்ப்பவர்களுக்குப் புலியும் ஒரு கஸ்டமர்தான்.

டிஃப்ராக்கை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பார்த்தது. இடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு அந்த ஓரம்வரைக்கும் போயிருந்தது.

“கழுத்து மட்டுக்கும் நெறச்சு வச்சிருக்கிய. அஞ்சுல ஒரு பங்காவது காலியா கெடந்தாத்தான் எஸ்எஸ்டி மூச்சு விடும். இல்லன்னா ஒரு எழுத்து எழுதணும்னாலும் சாமான அங்கயும் இங்கயும் நகத்திக்கிட்டே கெடக்கும்.”

ஆவுடையம்மாள் நாறும்பூவை வெறுப்போடு பார்த்தது. தொழில் தெரிந்தவர்களால் மற்றவர்களுக்கு வருகிற கேடு கொஞ்சநஞ்சமல்ல.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, வேங்கையின் தங்கச்சி மகளுக்குக் காது குத்திய வீடியோ. அதன் நகல். நகலின் நகல். ‘புது ஃபோல்டர்’. ‘கடைசி’. ‘கடைசியோ கடைசி’.

“அழிச்சிருவோம்” என்றது நாறும்பூ.

“வாயக் கழுவுல! நல்ல காரியத்தப் போயி அழிக்கச் சொல்லுத. எங்க வீட்டுல விளக்கக்கூட அணைன்னு சொல்ல மாட்டோம். தாய்மாமன் என் மடியில வச்சுக் குத்துன காது அது!”

“அதான?” என்றது கடமான். அதன் உயிரே இப்போது அந்தக் காதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. “அப்படிப் பண்ணிராதிய அண்ணாச்சி. தங்கச்சி மனசு என்ன பாடுபடும்?”

“எல்லாம் ஒரே வீடியோதானய்யா” என்றது நாறும்பூ. “ நல்லா இருக்கத ஒண்ண வச்சுக்கிட்டு மத்ததத் தூக்கலாம்லா?”

“எது நல்லா இருக்குன்னு பாத்தாத்தான தெரியும்?” கடமான் முந்திக்கொண்டது. “மொதல்லேருந்து போடுங்க அண்ணாச்சி. மூணு மணி நேரம்தான?”

போட்டார்கள். ரோஜாப்பூ சுற்றிச் சுற்றி வந்தது. இதயத்துக்குள்ளிருந்து பந்தி விரிந்தது. “இந்தா, இப்ப வருவேன் பாரு” என்று வேங்கை மீசையை நீவிக்கொண்டது. பிள்ளை அழுதது. ஆசாரியின் கை தெரிந்தது. ஊசி தெரிந்தது. அதற்குக் கீழே வரி போட்ட ஒரு முழங்கால் தெரிந்தது. பிறகு மறுபடி பந்தி. கடைசியில் ஒரு தாமரை விரிந்து, உள்ளிருந்து ‘நன்றி’ வந்தது.

“அண்ணாச்சி, அந்த முழங்கால் நீங்களா?” என்றது ஆவுடையம்மாள், நிஜமாகவே தெரியாமல்.

“ஒங்க தங்கச்சி மாப்பிள்ளையோட அப்பா மூஞ்சிதான் எங்க பாத்தாலும்” என்றது நாறும்பூ. “அவரு அப்பளம் கடிக்கதக்கூட வீடியோக்காரன் கிட்டப் போய் எடுத்திருக்கான்.”

வேங்கை எல்லா ஃபோல்டரையும் ஒரே பிடியாகப் பிடித்து அழித்தது. நாறும்பூ பழக்கதோஷத்தில் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டது. லேப்டாப் ஒரு பெருமூச்சு விட்டது. அடுத்த நொடி விண்ணப்பம் பளிச்சென்று திறந்து, விவரமெல்லாம் தானாக நிரம்பி, ‘சமர்ப்பி’ என்று பச்சையாக வந்து நின்றது.

போட்டுப் பாருங்கள் என்று சொன்ன தன் நாக்கைக் கடித்துக்கொண்டு கடமான் கண்ணை மூடியது.

நகம் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

“இப்ப எனக்குத் தொண்டையில எதுவும் எறங்குமாளா?” என்றது வேங்கை. “மடி எனக்கு, மூஞ்சி அவனுக்கா? தங்கச்சி வீட்டுக்கு நேர்ல போயி நாலு வார்த்த கேட்டாத்தான் ஆறும்.” கழுத்திலிருந்து கையை எடுத்தது. “நீ இங்கனயே இரு. வந்துருதேன்.”

“சரி அண்ணாச்சி. அவசரப்படாம, எல்லாத்தையும் பேசிட்டு வாங்க.”

வால் மறைந்ததும் ஆவுடையம்மாள் குளம்பால் ‘ரத்து செய்’ என்பதை அழுத்தியது. குளம்பை எடுப்பதற்குள் ரத்தாகிவிட்டது.

“பாத்தியளா வேகத்த!” என்று பெருமைப்பட்டுக்கொண்டு நாறும்பூ மரத்தில் ஏறத் தொடங்கியது.

ஆவுடையம்மாள் கழுத்தை ஒருமுறை உதறிக்கொண்டது. பிறகு குனிந்து, சருகை விலக்கி, நெல்லிக்காய் பொறுக்க ஆரம்பித்தது.

நீதி: எஸ்எஸ்டியில் இடம் போதாவிட்டால் சொந்தக்காரர் வீட்டு விசேஷ வீடியோவைத் தாராளமாக அழிக்கலாம், பார்க்கத்தான் கூடாது. இரையாக இருப்பவர்கள் மட்டும் தவறாமல் போட்டுக் காட்டவும்.